பனிக்கு முன் பிடுங்கிய கேரட்

வீட்டிலிருந்து, பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்பது உன் அக்காவின் உத்தரவு, எழுதியாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? உன் என்ஜின்கள் எப்படி? கடல் குளிர் எலும்பைத் தொடும் என்பார்கள். அக்கா பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

ஒரு சின்னச் செய்தி. பதறாதே. போன மாதம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உன் அக்கா டீ குடிக்கக் கிரேனிலிருந்து இறங்கி வந்தாள். பழுது பார்க்க நிறுத்தியிருந்த சரக்கு வண்டியின் கதவு ஒன்று கழன்று அவள் காலில் விழுந்துவிட்டது. காலில் அடி. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் மேலே உட்கார்ந்திருந்தவரை ஒரு கீறல் இல்லை, தரையில் நாலடி நடந்ததும் இப்படி ஆயிற்றே என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் ஆற்றாமை. அங்கே கனமான எதையாவது தூக்க வேண்டுமென்றால் "மேலே இருக்கறவங்க பார்த்துக்குவாங்க" என்பார்களாம். கடவுளைச் சொல்கிறார்களா, உன் அக்காவைச் சொல்கிறார்களா என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் குழம்பிப்போவார்களாம்.

இப்போது அவளுக்கு லீவு. மூன்றாம் மாடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை மேய்க்கிறாள். டீ டம்ளரை எடுத்து வருவதற்குள் "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மெதுவா, நிறுத்து, இறக்கு" என்கிறாள். நான் புருஷனா, கிரேன் கொக்கியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் தெரியும். பழைய கட்டடத்தை இடித்துக் கொட்டிய இடம். செங்கல், சுண்ணாம்பு, உடைந்த ஓடு. அதில் கேரட் போடப் போகிறாளாம். கேரட்டுக்குப் பொலபொலவென்று மண் வேண்டும், கல்லைக் கண்டால் அது இரண்டாகப் பிளந்துகொள்ளும், அந்த இடத்தில் கல்தான் விளையும் என்றேன்.

"அப்ப கல்லை எடுத்துட்டாப் போச்சு" என்றாள்.

மற்றவை பின்னர். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்


கப்பலிலிருந்து, ஏப்ரல் 4

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் இரண்டு துறைமுகங்களில் என்னைத் தவறவிட்டு மூன்றாவதில் பிடித்தது. நான் நலம். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

காலில் அடி என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் காலில்? எலும்பிலா, சதையிலா? கட்டு பிரித்தாயிற்றா? நீங்கள் ஒருவருக்கு முகச்சவரம் செய்து முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுவதும் சொல்லி முடிக்கிறவர். உங்கள் கடிதத்தில் அடிக்கு ஒரு வரி, செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அரைப் பக்கம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அக்கா ஏன் எழுதவில்லை? அவளுக்கு அடிபட்டது காலில்தானே, கையில் இல்லையே?

அவள் காலில் சக்கரம் கட்டியவள். அவளை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத்தான் ஏதாவது பட்டம் தர வேண்டும். இரண்டாம் என்ஜினியர் தேர்வு செப்டம்பரில் வருகிறது. இரவு பகலாகப் படிக்கிறேன் என்று எழுத ஆசை. படிக்கிறேன், அவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் காலைப் பற்றி விவரமாக எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்


வீட்டிலிருந்து, மே 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே ஒரு குறையும் இல்லை. அக்காவின் கால் முன்பைவிடத் தேவலை. தேர்வுக்குப் படிக்கிறவன் மனசை நாலு பக்கமும் அலையவிடக் கூடாது என்று சொல்லச் சொன்னாள்.

இப்போது கேள். விதை போட்டாகிவிட்டது.

காலையில் அவள் தோட்டத்துக்கு வந்ததும் வேலை ஆரம்பமாகிவிடும். ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் கட்டில் கம்பிவலையைச் சட்டமடித்துச் செய்த பெரிய சல்லடை. மண்ணை அள்ளிப் போட்டு ஆட்டுவாள். கல் மேலே நிற்கும், மண் கீழே விழும். கல்லை எடுத்துக் கையெட்டும் தூரத்துக்கு வீசுவாள். அந்த இடம் முடிந்ததும் முக்காலி நகரும். முதல் வாரம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு அம்மா இருக்கிறார், நாங்கள் ரேடியோ என்போம், மின்சாரம் போனாலும் நிற்க மாட்டார். அவர் மாடியிலிருந்து, "கடல்ல தண்ணியை வடிகட்டுறாப்ல இருக்கு" என்று ஒலிபரப்பினார். உன் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சித்திரம் வரைகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பார்களே, அப்படி ஒரு முகம். கீழே நம் சலூனின் பின்ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே வெட்டியதில் ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் மேலே ஏறிவிட்டது. அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் தப்பித்தேன்.

மூன்று பாத்தி. முழங்கை ஆழத்துக்கு ஒரு கல் கிடையாது. அப்படியே கையை விட்டால் மாவில் போவதுபோல் போகிறது. கேரட் விதை தூசி மாதிரி இருக்கிறது, தும்மினால் பறந்துவிடும். மணலோடு கலந்து விரலிடுக்கால் தூவினாள். மேலே ஈரச் சாக்கு.

உன் தேர்வுக்கு நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம்.

உன் அத்தான்


வீட்டிலிருந்து, ஜூன் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ. நீ நலமாக இருந்தால் சரி. நாங்கள் அப்படியே இருக்கிறோம்.

முளைத்துவிட்டது. விதை போட்டு வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை. செத்த விதை என்று ரேடியோ அறிவித்துவிட்டார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். அவள் மட்டும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பாள், தண்ணீர் தெளிப்பாள், மூடுவாள். ஒரு காலையில் பச்சை நூல் நூலாக வரிசை.

அதைவிடக் கஷ்டம் அதற்கப்புறம் வந்தது. நெருக்கமாக முளைத்ததைக் கலைக்க வேண்டும். நான் என்றால் பாவம் பார்த்து எல்லாவற்றையும் விட்டிருப்பேன், எல்லாம் சேர்ந்து நோஞ்சானாகியிருக்கும். அவள் பாத்தியோரம் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒன்றைப் பிடுங்கி ஒன்றை விட்டு, ஒன்றைப் பிடுங்கி ஒன்றை விட்டுப் போனாள். பிடுங்குவதைவிட, எதை விட வேண்டும் என்று பார்ப்பதில்தான் அவள் நேரம் போயிற்று.

கேரட்டின் வாசனைக்கு ஒரு ஈ வருமாம், வேரைத் துளைத்துவிடுமாம். முடி வெட்டும்போது போர்த்துகிற துணிகளில் பழசை எல்லாம் எடுத்துச் சேர்த்துத் தைத்துவிட்டாள். இப்போது மூன்று பாத்தியும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கிராப்புக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கின்றன.

கால் பரவாயில்லை. படி.

உன் அத்தான்


கப்பலிலிருந்து, ஜூலை 21

அத்தானுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கிடைத்தன. நலம் விசாரிப்பை இந்த முறை பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவதில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவதில் சாக்கில் உட்கார்ந்திருக்கிறாள். கல்லைக் கையெட்டும் தூரத்துக்கு வீசுகிறாள். எழுந்து போய்ப் போடவில்லை.

அத்தான், வீட்டில் எங்கள் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கிப் பாதி நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். உங்களுக்குத் தெரியாததா?

"முன்பைவிடத் தேவலை." "பரவாயில்லை." இதையெல்லாம் நீங்கள் சலூனுக்கு வருகிறவரிடம் சொல்லுங்கள். ஆறு மாதமாக ஆறாத அடி என்ன அடி? அவள் எப்படி மூன்று மாடி இறங்கித் தோட்டத்துக்கு வருகிறாள்? எனக்குத் தெரிய வேண்டும். தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம். பதில் வராவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிவிடுவேன்.

நீங்கள் நலமா?

உங்கள் மைத்துனன்


வீட்டிலிருந்து, ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லா இருக்கிறேன். நீ இருக்கிறாயா?

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கதவு விழுந்த காயத்தில் சீழ் பிடித்து மேலே ஏறியது. விட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். எடுங்கள் என்றேன். ஜனவரியிலேயே எடுத்தாகிவிட்டது.

எழுதக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அத்தானை ஒன்றும் கேட்காதே. எழுதியிருந்தால் நீ கப்பலை விட்டு இறங்கியிருப்பாய். இங்கே வந்து என்ன செய்வாய்? என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பார்க்கிறவர்கள் எனக்கு இங்கேயே நிறைய இருக்கிறார்கள்.

ஏன் கேரட் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு அபிப்பிராயம். மற்ற செடி என்றால் காய் எத்தனை, சின்னதா பெரிசா என்று அதையும் தினமும் வந்து பார்ப்பார்கள். கேரட்டை மட்டும் பிடுங்குகிற வரைக்கும் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

நேற்று ஒன்றை இழுத்துப் பார்த்தேன். ஒரு கல் எப்படியோ தப்பியிருக்கிறது. கேரட் இரண்டு காலோடு வந்தது. கொடுத்து வைத்தது.

அடுத்த வாரம் பொய்க்கால் தருகிறார்கள். நீ இறங்கக் கூடாது. தேர்வு எழுது.

அக்கா


கப்பலிலிருந்து, ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை என்ஜின் அறையில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று படித்தேன். அங்கே யார் என்ன சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்காது.

நான் உடம்பளவில் நன்றாக இருக்கிறேன்.

இறங்க நினைத்தேன். கேப்டனின் கதவுவரைக்கும் போனேன். நீ எழுதியதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். வந்தால் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தேன். அன்றைக்கு ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. மறுநாள் படித்தேன்.

இரண்டு கால் கேரட்டைப் பற்றி நீ எழுதியதற்குச் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. நீ சிரிக்கத்தானே எழுதினாய்?

நவம்பர் நடுவில் எங்கள் கப்பல் உங்கள் பக்கத்துத் துறைமுகத்துக்குச் சரக்கு இறக்க வருகிறது. ஒரே ஒரு நாள்தான். எனக்கு வெளியே வர அனுமதி கிடைக்காது. ஆனால் ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருப்பேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். நான் கோபமாக எழுதியதை மனதில் வைக்க வேண்டாம் என்று சொல்.

தம்பி


வீட்டிலிருந்து, செப்டம்பர் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தேர்வு எழுதியிருப்பாய். எப்படி எழுதினாலும் நீ எழுதியதே பெரிசு. நாங்கள் நலம், இந்த முறை நிஜமாகவே.

வாய்ப்பூட்டைக் கழற்றிவிட்டார்கள், இனி என்னை நிறுத்த முடியாது. மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்டது என்ன தெரியுமா? "எனக்குப் பதிலா கிரேன்ல யாரை ஏத்தியிருக்காங்க?" என்று. யாரோ ஒருவர் பேரைச் சொன்னேன். "அவன் பிரேக்கை உதைப்பான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்போது அழுதாள் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். ஆனால் அழுத மறுநாள் மண் சலிக்கிற வேகம் கூடியிருக்கும்.

பொய்க்கால் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கப் பழக்குகிறார்கள். முதல் வாரம் தோல் உரிந்து ரத்தம். "இதைப் போய்ப் பொய்க்கால்ங்கறாங்க" என்றாள். "இத்தனை மாசம் தம்பிக்குப் போன கடிதம்தான் பொய். இது நிஜக்கால்தான், எப்படி வலிக்குது பாரு." ஊன்றுகோல் ஒன்றோடு இப்போது தெருமுனைவரை போகிறாள். ஆனால் அந்தக் காலை மட்டும் ஊன்றி, மற்றக் காலைத் தூக்கி நிற்க இன்னும் வரவில்லை. அது கடைசியாகத்தான் வருமாம். சிலருக்கு வராமலே போகுமாம்.

மாடிப்படியைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அது ஒரு விஷயமே இல்லை.

ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் வந்திருந்தார். நல்ல மனுஷர், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினார். வாசல் அறையில் உட்கார்ந்து வண்டி எண்களைப் பார்க்கிற வேலை இருக்கிறதாம், அதே சம்பளமாம். கிரேனுக்குப் போவதென்றால் நெட்டுக்குத்தான ஏணி, ஏறிக் காட்ட வேண்டுமாம். உன் அக்கா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, "கேரட் பிடுங்கினதுக்கு அப்புறம் சொல்றேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தோட்டத்தைப் பார்த்தேன்.

கேரட்டின் தலை மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. வெயில் பட்டால் பச்சையடித்துக் கசக்குமாம். தினமும் மண் அணைக்கிறாள்.

உன் அத்தான்


வீட்டிலிருந்து, அக்டோபர் 31

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். சொல்ல வேண்டியது முட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த மாதம் இரண்டு மூன்று காலை லேசாகப் பனி பெய்தது. அவள் பிடுங்கவில்லை. லேசான பனிக்குக் கேரட் இனிப்பு ஏறும் என்று விட்டுவைத்தாள். போன வாரம் ரேடியோ அம்மாவின் வீட்டு நிஜ ரேடியோ, உறைபனி வருகிறது, மண் இறுகிவிடும் என்றது. மறுநாளே பிடுங்கியாக வேண்டும்.

கையால் இழுத்தால் வராது, மாப்பிள்ளை. நீளமாகப் போயிருக்கிறது, பாதியில் ஒடிந்துவிடும். நாலு பல் வைத்த மண்வாரியைப் பக்கத்தில் குத்தி, காலால் மிதித்து ஆழமாக இறக்கி, மண்ணை நெம்பித் தளர்த்திக்கொண்டுதான் எடுக்க வேண்டும். எந்தக் காலால் மிதிப்பாள்? நல்ல காலால். அப்போது உடம்பு முழுவதையும் தாங்கி நிற்க வேண்டியது எது?

நான் மிதித்துத் தருகிறேன் என்றேன். "நீங்க சுவரோரமா நில்லுங்க" என்றாள். நின்றேன்.

ஊன்றுகோலை வேலியில் சாத்தினாள். மண்வாரியை இரண்டு கையாலும் பிடித்தாள். நல்ல காலைத் தூக்கி மேலே வைத்தாள். ஒரு ஆட்டம் ஆடினாள். காலை இறக்கிவிட்டாள். மறுபடி தூக்கினாள், மறுபடி ஆட்டம், மறுபடி தரை. மேலே ஜன்னல்களில் ஆள் நிற்கிறார்கள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டாள். மேலே கிரேனில் கனமான பெட்டியைத் தூக்கும்போது முதலில் ஒரு விரற்கடை தூக்கி, ஆடுகிறதா என்று பார்த்து, ஆட்டம் நிற்கிறவரை காத்திருந்து, அப்புறம்தான் மேலே எடுப்பார்களாம். அவள் அதைத்தான் தன் உடம்பை வைத்துச் செய்தாள் என்று பிற்பாடு சொன்னாள். காலைக் கொஞ்சம் தூக்கினாள். காத்திருந்தாள். ஆட்டம் நின்றது. மிதித்தாள்.

மண்வாரி கைப்பிடி அளவுக்கு உள்ளே போயிற்று. கல் இல்லாத மண் அல்லவா.

நெம்பினாள். தழையைக் கூட்டிப் பிடித்து இழுத்தாள். மண்ணிலிருந்து கேரட் கழலும்போது ஒரு சத்தம் வரும், பாட்டில் தக்கையைப் பிடுங்குகிற மாதிரி. அந்தச் சத்தம் எனக்குச் சுவரோரம் கேட்டது. உன் முழங்கை நீளம் இருக்கும், மாப்பிள்ளை. நேராக, ஒரு வளைவில்லாமல், காலை வெயிலில் ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்துகிறது. அவள் அதை என்னிடம் காட்டவில்லை, யாரிடமும் காட்டவில்லை. தழையைத் திருகி எறிந்துவிட்டுப் பெட்டியில் வைத்தாள். அடுத்ததற்கு நகர்ந்தாள்.

மூன்று பாத்தியையும் அவளே எடுத்தாள். நடுவில் ஒருமுறை உட்கார்ந்து காலைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். மதியத்துக்கு மேல் ரேடியோ அம்மா இறங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கேரட்டை ஈர மணலில் அடுக்க உட்கார்ந்துவிட்டார். அவர் மௌனமாக இருந்து இந்தக் கட்டடம் கண்டதில்லை.

அன்று இரவே பூமி இறுகிவிட்டது. மறுநாள் குத்தினால் கம்பி வளையும்.

இரண்டு நாள் கழித்து ஃபோர்மேன் வந்தார். "ஏணி ஏறிக் காட்டறேன். ஜனவரியில வைங்க" என்றாள். அவர் போகும்போது நாலு கேரட் கொடுத்தாள்.

நவம்பரில் உன்னைப் பார்க்க வருகிறாள். தனியாக. நானும் வருகிறேன் என்றதற்கு, "சலூனைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஊர் சுத்தணுமா?" என்றாள். மூட்டை எடுத்து வருவாள், துறைமுகத்தில் பார்த்துக்கொள். ரொம்பவும் பார்த்துக்கொள்ளாதே, கோபம் வரும்.

உன் அத்தான்


கப்பலிலிருந்து, நவம்பர் 19

அன்புள்ள அத்தானுக்கு,

வழக்கமாக உடம்பு நலமா என்று கேட்பேன். இந்த முறை குறிப்பாக முதுகு நலமா என்று கேட்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அக்கா பத்திரமாக வந்தாள், பத்திரமாக ரயில் ஏறியும் விட்டாள். தேர்வில் தேறிவிட்டேன் என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்க முடியவில்லை, அதற்குள் கப்பல் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலுக்கு ஏறுகிற ஏணி ஒரு பக்கம் கயிற்றில் தொங்குவது. கீழே தண்ணீர். ஆள் ஏறினால் ஆடும்.

"ஆடுமா?" என்றாள்.

"ஆடும்க்கா."

"நல்லது" என்றாள்.

நான் இறங்கி வந்து கை நீட்டினேன். மூட்டையை அந்தக் கையில் கொடுத்துவிட்டு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏறினாள். நான் பின்னால் மூட்டையோடு ஏறினேன். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தூக்கினாள், காத்திருந்தாள், மிதித்தாள். நீங்கள் எழுதியது அப்படியே. மேல்தட்டில் தலைமை என்ஜினியர் நின்றிருந்தார், கொஞ்சம் முரட்டு ஆள். அவர் யாரென்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். அவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு அவர் ஒருநாளும் வழிவிட்டதில்லை.

என்ஜின் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கே நெட்டுக்குத்தான இரும்பு ஏணிகள். இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் என்னை மட்டும் பார்க்க வரவில்லை. ஜனவரிக்கு ஒத்திகை பார்க்க வந்திருக்கிறாள்.

கீழே கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து காலைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாள். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று மண் வாசனை போகாத கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் பெரிய என்ஜின் நின்றிருந்தது, அதனால் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. சமையல்காரர் ஒன்றை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, இதை நறுக்க மனசு வரவில்லை என்றார்.

"அத்தான் எழுதினதெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் தபால்ல போடுவாரு" என்றாள். "எல்லாம் சரிதான். ஒரு ஆளை மட்டும் விட்டுட்டாரு."

மூன்று மாடி எப்படி இறங்கினாள் என்று நான் கேட்டதற்கு அது ஒரு விஷயமே இல்லை என்று எழுதினீர்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை காலையில் முதுகில் சுமந்து இறக்கி, மதியம் ஏற்றி, மறுபடி இறக்கி, சாயங்காலம் ஏற்றி இருக்கிறீர்கள். முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் காத்திருந்தவர்களைப் பற்றியும் சொன்னாள். ஒருவர் பொறுமையிழந்து நுரையோடு படியில் ஏறி வந்து, உங்கள் முதுகில் அக்காவைப் பார்த்துவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாராமே. கல்லை அவள் கையெட்டும் தூரத்துக்கு வீசினாள் என்று எழுதினீர்கள். அதையெல்லாம் அள்ளி வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டியது யார் என்று எழுதவில்லை. காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டக் கற்றுக்கொண்டதை எழுதவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கேரட் பிடுங்கின அன்னிக்கு நான் ரெண்டு தடவை ஆடினேன்ல, அப்ப அவரைப் பார்த்தேன். சுவரோரம் ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கறாரு. முஷ்டியை இறுக்கியிருக்கறது துணிக்கு வெளியில தெரியுது. ஆனா கையை வெளியில எடுக்கல. ஓடி வந்து பிடிச்சிருந்தா நான் அன்னிக்கு மட்டும் விழாம இருந்திருப்பேன். அவர் பிடிக்கல பாரு, அதனாலதான் இனிமேலும் விழ மாட்டேன்."

சொல்லிவிட்டுக் காலை எடுத்து மாட்டிக்கொண்டாள். இதை உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

அத்தான், என் சின்ன வயதில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, கிரேன் ஓட்டுகிறவளுக்கு முடி வெட்டுகிறவரா என்று வீட்டில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அக்கா அன்றைக்கே சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள்.

கப்பல் நாளை கிளம்புகிறது. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், தானே வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று உங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். எப்படியும் வந்து நிற்பீர்கள் என்றும் சொன்னாள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். எப்படி நடந்தது என்று எனக்கு விவரமாக எழுதுங்கள். இந்த முறை உங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்